கடல் கடக்கும் இயந்திரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கனரக, நுண்ணிய இயந்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றியவை. ஆகவே அவற்றுக்கே முழுப் பகுதியையும் ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களும் நிறுவனப் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கேள்வி: எங்கள் தொழிற்சாலையில் செய்த வெர்ட்டிகல் மெஷினிங் சென்டர் (உலோகத்தைக் கடைந்து செதுக்கும் இயந்திரம்) ஒன்றை முதன்முறையாக ஜெர்மனிக்கு அனுப்பவிருக்கிறோம். எடை 7 டன், உயரம் 2.6 மீட்டர். சாதாரணக் கன்டெய்னரில் போகுமா? உள்ளே எப்படி நிறுத்திக் கட்டவேண்டும்? உள்நாட்டில் லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி அனுப்பித்தான் எங்களுக்குப் பழக்கம்.
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் பார்க்கவேண்டியது கன்டெய்னரின் உள் உயரத்தை அன்று, கதவின் உயரத்தை. சாதாரண 20 அடிக் கன்டெய்னரின் கதவு ஏறத்தாழ 2.28 மீட்டர் உயரமும் 2.34 மீட்டர் அகலமும் கொண்டது. ஹை கியூப் எனப்படும் உயரமான வகையில் கதவின் உயரம் ஏறத்தாழ 2.58 மீட்டர். உங்கள் இயந்திரம் இப்போதுள்ள நிலையில் இரண்டிலும் நுழையாது. மூன்று வழிகள் உண்டு. மேற்பகுதியிலுள்ள மோட்டாரையும் கேபிள் சங்கிலியையும் கழற்றி, அடியில் வைக்கும் மரச்சட்டத்தோடு சேர்த்து 2.5 மீட்டருக்குள் கொண்டுவந்தால் ஹை கியூபில் அனுப்பலாம். கழற்ற இயலாவிட்டால் மேலே தார்ப்பாய் மூடும் ஓபன் டாப், அல்லது பக்கச்சுவரே இல்லாத ஃபிளாட் ராக். பின்னிரண்டிலும் சரக்கு கன்டெய்னரின் உயரத்துக்கு மேல் எழுந்து நின்றால் அதன்மேல் வேறு பெட்டி அடுக்க முடியாது என்பதால், அந்த வெற்றிடத்துக்கும் சேர்த்தே கப்பல் நிறுவனம் வாடகை கேட்கும். ஃபிளாட் ராக்கில் மழையும் உப்புநீரும் நேரே இயந்திரத்தின் பெட்டியில்தான் விழும். கழற்றி மீண்டும் பொருத்தினால் துல்லியம் கெடாத பகுதிகள்தாமா என்பதை உங்கள் அசெம்பிளிப் பிரிவினர் உறுதி செய்துவிட்டால், மூடிய ஹை கியூப் கன்டெய்னரையே நான் பரிந்துரைப்பேன். அங்கே சென்று பொருத்திக்கொடுக்கும் ஆளின் விமானச் செலவு, ஃபிளாட் ராக்குக்கான கூடுதல் வாடகையைவிடக் குறைவாகவே இருக்கும்.

அடுத்து, இயந்திரத்தை நகர்வுக்குத் தயார் செய்வது. இதைப் பெட்டி செய்பவரிடம் விட்டுவிடக் கூடாது. இயந்திரத்தைச் செய்தவர்கள்தாம் செய்யவேண்டும். மேசையை நடுவுக்குக் கொண்டுவந்து, ஸ்பிண்டில் (வெட்டுங்கருவியைச் சுழற்றும் தண்டு) தலையை மரக்கட்டைமேல் இறக்கி உட்காரவைத்து, நகரும் அச்சுகள் ஒவ்வொன்றையும் எஃகுப் பிடிகளால் உடலோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். சர்வோ மோட்டாரின் பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவது தவறு. எதிர்எடை உள்ள இயந்திரமானால் அதையும் தனியே பூட்டவேண்டும். வெட்டுங்கருவிகள் அடுக்கியிருக்கும் டூல் மேகசினைக் காலி செய்யுங்கள். தொங்கும் கட்டுப்பாட்டுப் பலகையையும் தகட்டுக் கதவுகளையும் கட்டுங்கள். வெட்டும்போது சூடு தணிக்கும் கூலன்ட் நீர்மத்தைத் துடைத்து எடுங்கள். நின்ற நிலையிலேயே வாரக்கணக்கில் அதிர்வு தாங்கும் பேரிங்கில், உருளைகள் தொடும் இடங்களில் எல்லாம் சிறு குழித் தடங்கள் விழும். மேசையை நகர்த்தும் திருகுத்தண்டான பால் ஸ்க்ரூவிலும் இது நேரலாம். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்த இயந்திரம், ஓட்டிப் பார்க்கும்போது இரைச்சல் போடுவதற்கு இது ஒரு காரணம். அச்சுகளைப் பூட்டுவதால் இது முற்றிலும் நின்றுவிடாது. ஆனால் தளர்ந்த பாகங்கள் ஆடி அடிப்பது நிற்கும், பெருஞ்சேதம் அதனால்தான் வருகிறது.

கட்டுவதைப் பற்றி. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2014-இல் ஒப்புக்கொண்ட சரக்கேற்று விதித்தொகுப்பில், எந்தப் பயணத்துக்கு எவ்வளவு விசையைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்று இருக்கிறது. சாலையில் லாரி பிரேக் அடிக்கும்போது முன்னோக்கி எடையில் 0.8 பங்கு, வளைவில் பக்கவாட்டில் 0.5 பங்கு. பேரலை எழும் கடற்பரப்பில், கப்பல் புரளும்போது பக்கவாட்டு விசை 0.8 பங்குவரை போகும். உங்கள் 7 டன் இயந்திரத்தை ஒருபக்கமாக 5.6 டன் விசை தள்ளும் என்று பொருள். அதுவும் ஒரு தடவையன்று, இரவும் பகலும் மாறி மாறி. உள்நாட்டு லாரிக் கட்டு இதைத் தாங்காது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. 2023-இன் இறுதியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் ஐரோப்பா செல்லும் கப்பல்கள் பல நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றிருக்கின்றன. தென்னாப்பிரிக்கக் கடலின் அலைகளையும் மனத்தில் வைத்தே கட்டுங்கள்.

இங்கே பலரும் அறியாத ஒன்று உண்டு. கன்டெய்னரின் தரையோரத்தில் இருக்கும் கட்டு வளையங்கள் ஒவ்வொன்றுக்கும் பன்னாட்டுத் தரநிலை கேட்கும் தாங்குதிறன் 10 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஒரு டன் மட்டுமே. மேற்புற வளையங்களுக்கு அதிலும் பாதி. நான்கு வளையங்களில் நான்கு பெல்ட் மாட்டிவிட்டு 7 டன்னையும் அவற்றை நம்பி விடுவது ஆபத்து. முதலில் கனத்த மரக்கட்டைகளால் சட்டத்தின் நான்கு புறமும் முட்டுக்கொடுத்து, விசை கன்டெய்னரின் மூலைத்தூண்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் போகும்படி செய்யவேண்டும். பெல்ட்டும் சங்கிலியும் அதற்குத் துணை. முட்டுக்கட்டையை மெல்லிய பக்கத் தகட்டின் நடுவில் நிறுத்தினால் தகடு பிதுங்கும், கட்டை நழுவும். இயந்திரத்தின் வார்ப்பு அடித்தளத்தை அதன் கால் துளைகள் வழியே மரச்சட்டத்தோடு போல்ட் போடுங்கள். சட்டத்தை மட்டும் கன்டெய்னரோடு கட்டிவிட்டு இயந்திரத்தைச் சட்டத்தின்மேல் சும்மா உட்காரவைத்து அனுப்பியவர்களும் இருக்கிறார்கள். பெல்ட்டை வார்ப்பில்தான் மாட்டவேண்டும், தகட்டு உறையின்மேல் ஒருபோதும் போடக் கூடாது.

ஈர்ப்பு மையத்தையும் தூக்கும் இடங்களையும் நான்கு பக்கமும் பெயின்டால் குறியுங்கள். கன்டெய்னரின் மொத்த எடையை முன்கூட்டியே சரிபார்த்து அறிவிப்பது 2016 ஜூலை 1 முதல் கட்டாயம். தூத்துக்குடியில் ஏறும் கன்டெய்னர்கள் பல கொழும்பில் கப்பல் மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றமும் கிரேனில் கூடுதலாக இரண்டு தூக்கல். வாடகையைக் கேட்கும்போதே, வழியில் எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுவார்கள் என்பதையும் ஃபார்வர்டரிடம் (சரக்கை அனுப்பிவைக்கும் முகவர்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிறிது வாடகை கூடினாலும் ஒரே கப்பலில் போவது நல்லது.

கேள்வி: கனடாவுக்கு அனுப்பிய கிரைண்டிங் இயந்திரத்தைக் கனத்த பாலித்தீனில் இறுகச் சுற்றி, உள்ளே சிலிக்கா ஜெல் பைகளும் போட்டிருந்தோம். இருந்தும் இயந்திரத்தின் வழித்தடங்களில் (மேசை வழுக்கி நகரும் தடங்கள்) துரு ஏறியிருந்ததாக வாங்கியவர் படம் அனுப்பியிருக்கிறார். தண்ணீர் எங்கிருந்து வந்தது?
— ஒரு வாசகி, ஓசூர்

பதில்: பெரும்பாலும் நீங்களே உள்ளே வைத்து அனுப்பிய தண்ணீர்தான். ஈரக்காற்றுள்ள நாளில் பொதி கட்டினால் அந்தக் காற்றும் பாலித்தீனுக்குள் அடைபடும். பச்சை மரத்தில் செய்த சட்டத்திலிருந்து ஈரம் வெளிவரும். தொட்டியின் மூலையில் ஒட்டியிருக்கும் கூலன்ட்டில் பெரும்பங்கு நீரே. வெப்பமான துறைமுகத்தில் இவையெல்லாம் ஆவியாகி, குளிர்ந்த கடலுக்குள் கப்பல் நுழைந்ததும் உலோகத்தின்மேல் பனித்துளியாகப் படியும். கன்டெய்னரின் கூரையிலிருந்து மழைபோல் சொட்டுவதும் இதே காரணத்தால்தான். பாலித்தீன் வெளித்தண்ணீரைத் தடுக்கும். ஆனால் நீராவி மெல்ல அதை ஊடுருவும். ஆகவே வாரக்கணக்கான பயணத்துக்கு அது போதாது.

செய்யவேண்டியது இது. வழித்தடங்களிலும் ஸ்பிண்டிலிலும் விரல் தடம்கூட இல்லாமல் துடைத்துத் துருத்தடுப்பு எண்ணெய் பூசுங்கள். பிறகு அலுமினியம் படலம் சேர்ந்த தடுப்புத்தாளால் இயந்திரத்தை முழுதாக மூடி, உள்ளே ஈரமுறிஞ்சிப் பைகளையும் ஈரங்காட்டும் அட்டையையும் வைத்து, விளிம்புகளைச் சூட்டால் ஒட்டி, இறுதியில் காற்றை உறிஞ்சி எடுங்கள். அடித்தளத்தின் போல்ட்டுகள் இந்தத் தாளைத் துளைத்துக்கொண்டுதான் மரச்சட்டத்துக்குள் இறங்கும். ஒவ்வொரு துளையிலும் மேலும் கீழும் ரப்பர் வாஷர் வைத்து இறுக்காவிட்டால், மேலே எத்தனை கவனமாக ஒட்டினாலும் பயனில்லை. பெரும்பாலான பொதிகள் தோற்கும் இடம் அதுதான். அடியில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. கன்டெய்னரின் சுவரில் தொங்கவிடும் கால்சியம் குளோரைடு பைகள் வேறு வகை. அவை ஈரத்தை உறிஞ்சி உப்புநீராக மாறக்கூடியவை. அவற்றைக் கன்டெய்னருக்குள் தொங்கவிடலாம்; இயந்திரத்தை மூடிய தாளுக்குள் வைக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் மரப்பெட்டியில் முத்திரை இருந்தும், வெளிநாட்டுத் துறைமுகத்தில் தாவரநலத் துறையினர் நிறுத்திவிட்டார்கள். பெட்டிக்குள் முட்டுக்கொடுத்த கட்டைகளில் முத்திரை இல்லை என்கிறார்கள். இது நியாயமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: விதிப்படி நியாயமே. மரத்தோடு பூச்சிகள் நாடு கடப்பதைத் தடுக்கும், மரப்பொதிகளுக்கான பன்னாட்டு விதி பெட்டிக்கு மட்டுமன்று, முட்டுக்கட்டைகளுக்கும் பொருந்தும். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் நிலைத்திருக்கவேண்டும் என்பதே முதன்மையான சிகிச்சை முறை. அதைச் செய்த அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் முத்திரை இடலாம். பிளைவுட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் பிளைவுட் பெட்டியின் அடியில் இருக்கும் கனத்த மரச்சட்டத்துக்கு விலக்கு இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசி நேரத்தில் ஒரு கட்டை குறைகிறது என்று பக்கத்துக் கடையில் அறுத்து வாங்கி அடிப்பதுதான் வழக்கமான சிக்கல். முத்திரையிட்ட கட்டைகளில் சில எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

கேள்வி: சி.ஐ.எஃப். விலையில் (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த விலை) விற்ற இயந்திரம் சாய்ந்து உடைந்த நிலையில் போய்ச்சேர்ந்தது. காப்பீடு எடுத்திருந்தோம், ஆனால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கிறது. கப்பல் நிறுவனமோ மிகச் சிறிய தொகையே தருவோம் என்கிறது. சட்டத்தில் எங்களுக்கு வழியில்லையா?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் பாலிசியை முழுதாகப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல இயலாது, எனினும் நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து இரண்டு இடங்களைச் சரிபார்க்கலாம்.

முதலாவது, எந்த வகைக் காப்பீடு என்பது. விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் பன்னாட்டு வணிகச் சங்கத்தின் 2020 இன்கோடெர்ம்ஸ் விதிகளின்படி, சி.ஐ.எஃப். விலையில் விற்பவர் எடுக்கவேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு, சரக்குக் காப்பீட்டின் ஏ, பி, சி என்ற பிரிவுகளில் மிகக் குறுகலான 'சி' பிரிவு மட்டுமே. கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், தீ, மோதல் போன்ற பெருவிபத்துகளுக்குத்தான் அது பொருந்தும். கிரேனிலிருந்து நழுவியது, கன்டெய்னருக்குள் சாய்ந்தது ஆகியவை பொதுவாக அதில் வராது. சேருமிடம்வரை கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.பி. விலையில் விற்றால் 'ஏ' பிரிவு கட்டாயம்; விலக்குகளாகச் சொல்லப்பட்டவை நீங்கலாக மற்ற இழப்புகளை அது ஏற்கும். கன்டெய்னரில் போகும் சரக்குக்கு சி.ஐ.எஃப்., எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றுவதுவரையான விலை) இரண்டுமே பொருத்தமற்றவை. சரக்கு கப்பலில் ஏறும்போது பொறுப்பு கைமாறுவதாக அவை சொல்கின்றன. நீங்களோ கன்டெய்னரை அதற்குச் சில நாள் முன்பே துறைமுக முனையத்தில் ஒப்படைத்துவிடுகிறீர்கள். இடைப்பட்ட நாட்களின் ஆபத்து உங்கள் தலையில்தான் இருக்கும். நம் ஏற்றுமதியாளர்கள் பழக்கத்தால் இந்தச் சொற்களையே எழுதுகிறார்கள், வங்கிகளும் கேட்பதில்லை.

இரண்டாவது, 'ஏ' பிரிவிலும்கூட, பொதி கட்டியது போதாமையால் நேர்ந்த இழப்பு விலக்கப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் இதைச் சொல்லி மறுத்தால், பொதி போதுமானதாக இருந்தது என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? கன்டெய்னர் கதவை மூடுவதற்குமுன் எடுத்த படங்கள், அச்சுகளைப் பூட்டிய படங்கள், கட்டுவிசைக் கணக்கு, விலையுயர்ந்த இயந்திரமானால் ஏற்றும்போது உடனிருந்த சர்வேயரின் (சரக்கின் நிலையைப் பார்த்துச் சான்று தரும் ஆய்வாளர்) அறிக்கை. இவை இல்லாமல் வாதாடுவது கடினம். பிரீமியம் கட்டிவிட்டோம், இனி கவலையில்லை என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நன்றாகக் கட்டிய பொதிக்குத்தான் காப்பீடு துணைநிற்கும்.

கப்பல் நிறுவனம் சொல்வதிலும் சட்ட அடிப்படை உண்டு. இந்தியா பின்பற்றும் விதிகளிலும், சரக்கின் தன்மையையும் மதிப்பையும் பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) அறிவிக்காதபோது, அதன் பொறுப்பு ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர்., அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அதோடு நின்றுவிடும். எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 7 டன் இயந்திரத்துக்கு 14,000 எஸ்.டி.ஆர்., ஏறத்தாழ 20,000 டாலர். அதன் விலை எத்தனை கோடி என்பது கணக்கில் வராது. சேதம் வெளியே தெரியாவிட்டால் பெற்றுக்கொண்ட 3 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காவிட்டால், சரக்கு நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டதாகவே முதற்கட்டத்தில் கொள்ளப்படும். வழக்குத் தொடர ஓராண்டுதான் அவகாசம். நீங்கள் நாளைக் கணக்கிட்டுக்கொண்டு, கடல்சார் வழக்கறிஞர் ஒருவரை உடனே பாருங்கள்.

இன்னொன்று. காப்பீடே வேண்டாம் என்று சொல்லும் சில வாசகர்களுக்காகச் சேர்த்துக்கொள்கிறேன். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் ஆறு நாள் சிக்கிக்கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு கப்பல் உரிமையாளர் 'பொதுச் சராசரி' அறிவித்தார். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்குடையவர்கள் எல்லோரும் தத்தம் சரக்கின் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்ளவேண்டும் என்பது இந்தப் பழைய கடல்வழக்கம். காப்பீடு உள்ளவருக்காகக் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதம் கொடுக்கும். இல்லாதவர், தம் சரக்குக்கு ஒரு கீறலும் விழாவிட்டாலும், பணம் கட்டினால்தான் சரக்கை எடுக்க முடியும்.

கேள்வி: இத்தாலியிலிருந்து எங்களுக்கு வந்த அளவீட்டு இயந்திரத்தின் பெட்டியில் சாய்வு காட்டும் பட்டை சிவந்திருக்கிறது. பெட்டியில் வேறு சேதமில்லை. திருப்பி அனுப்பிவிடலாமா?
— ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: திருப்பி அனுப்பாதீர்கள். பெற்றுக்கொண்டு, லாரி ஓட்டுநர் நீட்டும் ரசீதிலேயே 'சாய்வுப் பட்டை சிவந்துள்ளது' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், படமெடுங்கள், அனுப்பியவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தெரிவித்து, சர்வேயர் வரும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். கிரானைட் மேசையும் காற்றுப் பேரிங்குகளும் கொண்ட அளவீட்டு இயந்திரத்தில், பயணப்பூட்டுகள் இடம்பெயர்ந்திருக்கின்றனவா என்பதே முதல் சோதனை. விமானத்தில் வந்த பெட்டியானால், உள்ளே உள்ள பாகங்கள் உங்கள் கூடத்தின் வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்திருந்து திறக்கவேண்டும். குளிர்ந்த உலோகத்தின்மேல் சென்னைக் காற்று பட்டதும் வியர்த்துவிடும்.

சிவந்த பட்டை, எங்கே எப்போது சாய்ந்தது என்று சொல்லாது. அதிர்ச்சி காட்டும் பட்டைகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அவை 25, 50, 75 என்று ஈர்ப்பு முடுக்கத்தின் மடங்குகளில் விற்கப்படுகின்றன. சிறு பெட்டிக்கு ஏற்ற 50 மடங்குப் பட்டையைப் பல டன் பெட்டியில் ஒட்டினால், உள்ளே பேரிங் நொறுங்கும்படி பெட்டியை ஓங்கிக் கீழே வைத்தாலும் அது வெண்மையாகவே இருக்கும். கனத்த, நுண்ணிய சரக்குக்கு, ஒவ்வொரு அதிர்ச்சியையும் அது நேர்ந்த நேரத்தோடு பதிவு செய்யும் மின்னணுக் கருவியே பயன்படும். பெரிய மின்மாற்றிகளை அனுப்புவோர் இதை நெடுங்காலமாகச் செய்கிறார்கள். எண்ணெயை இறக்கி, உலர்காற்றை மெல்லிய அழுத்தத்தில் நிரப்பி, அதிர்ச்சிப் பதிவுக் கருவியைப் பொருத்தி அனுப்புவார்கள். சேருமிடத்தில் அழுத்தத்தையும் பதிவையும் பார்த்தபின், சுருள்கள் நகர்ந்திருக்கின்றனவா என்று அறிய, புறப்படும் முன் எடுத்த அதிர்வெண் சோதனையோடு புதிய சோதனையை ஒப்பிடுவார்கள். அடுத்த முறை வாங்கும்போது, இத்தகைய பதிவுக் கருவியை ஒப்பந்தத்திலேயே கேளுங்கள்.

கேள்வி: செலவைப் பாராமல் விமானத்தில் அனுப்பினால் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீருமல்லவா?
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: நாட்கள் குறையும், துரு பெரும்பாலும் குறையும், தூக்கி இறக்கும் தொல்லை குறையாது. 747 சரக்கு விமானத்தின் பக்கக் கதவில் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம்வரை ஏற்றலாம். பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் 1.6 மீட்டருக்குமேல் போகாது. மிகக் கனமானவற்றுக்கு 120 டன்வரை சுமக்கும் ஆன்டனோவ் ஆன்-124 இருக்கிறது. அதனினும் பெரிய ஆன்-225, 2009-இல் ஜெர்மனியிலிருந்து அர்மீனியாவுக்கு 187.6 டன் எடையுள்ள ஒரே ஜெனரேட்டரைச் சுமந்தது; 2022-இல் உக்ரைன் போரில் அது அழிந்துவிட்டது.

விமானத்துக்கே உரிய சரக்கு எது என்றால், நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் அனுப்பும் சிப் அச்சிடும் இயந்திரத்தைச் சொல்லலாம். 180 டன் எடையுள்ள ஓர் இயந்திரத்தை 40 சரக்குக் கன்டெய்னர்களாகப் பிரித்து, 20 லாரிகளிலும் மூன்று 747 விமானங்களிலும் அனுப்புகிறார்கள். அவ்வாறு பிரித்துச் சேர்க்கும்படியே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. மறுபுறம், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2021-இல் கலிபோர்னியாவிலிருந்து பனாமா கால்வாய் வழியே பிரெஞ்சு கயானாவுக்குக் கப்பலில்தான் போனது. தூசியும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட, அதற்கென்றே செய்த பெட்டியில் 16 நாள் பயணம். ஆகவே, எதில் அனுப்புவது என்ற முடிவை மூன்று விவரங்களை வைத்து எடுங்கள்: பிரிக்க முடியாத மிகப்பெரிய பாகத்தின் அளவு, இயந்திரம் ஒரு நாள் தாமதமானால் வாங்குபவருக்கு ஆகும் இழப்பு, வழியில் அது எத்தனை முறை கைமாறும் என்பது.

கேள்வி: ஐரோப்பியக் கண்காட்சிக்கு ஓர் இயந்திரத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அங்கே சுங்கவரி கட்டவேண்டுமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணத்தோடு கொண்டுபோனால் கட்டவேண்டியதில்லை. இந்தியாவில் அதை ஃபிக்கி என்ற வர்த்தக, தொழில் கூட்டமைப்பு, பிணைத்தொகை பெற்றுக்கொண்டு வழங்குகிறது. அதிகபட்சம் ஓராண்டுக்குள் அதே இயந்திரம் திரும்பிவரவேண்டும். அங்கேயே நல்ல விலைக்குக் கேட்கிறார்கள் என்று விற்றுவிட்டு வந்தால் அந்நாட்டின் வரி உங்கள்மேல் விழும். ஆவணத்தில் எழுதும் வரிசை எண்ணும் இயந்திரத்தின் தகட்டில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது. பெட்டியை ஆணியடித்து மூடாமல் போல்ட்டால் மூடுங்கள். கண்காட்சி முடிந்த இரவில் அதை மீண்டும் கட்டப்போவது உங்கள் ஆட்களாக இருக்கமாட்டார்கள். ஆகவே பூட்டுப்பிடிகளையும் அவற்றின் போல்ட்டுகளையும் ஒரு பையில் போட்டுப் பெட்டியின் உட்சுவரில் கட்டி, எது எங்கே என்ற படத்தையும் அதனோடு ஒட்டி அனுப்புங்கள்.